மஞ்சள் முக்கோணத்துக்கு மந்திரிச்சாப் போகுமா?

ஈப்போவுல டிப்ளோமா படிச்சிட்டு வந்த பேராண்டி, உன் லேப்டாப்புக்குள்ள பேர் தெரியாத ஆசாமி ஒருத்தன் குடியிருக்கான்னு லயம் முழுக்கத் தமுக்கடிச்சிட்டு வர்றியாமே? நல்லது. எங்க காலத்துல மோகினி பிரிஞ்சாங் மலை மூடுபனியில குடியிருந்தா. இப்போ அவளும் வசதி பார்த்துக் கம்ப்யூட்டருக்குள்ள போயிட்டா போல.

நீ சொன்னதை நானே ஒருதரம் சொல்லிப் பார்க்கிறேன், தப்பிருந்தாத் திருத்து. ஏதோ ஒரு ஆபீஸ்ல உழைச்சு ஓய்ஞ்ச டெல் லேட்டிட்யூட். மலிவாக் கெடைச்சுதுன்னு வாங்கினே. பழைய விண்டோஸைத் துடைச்சிட்டுப் புதுசா ஏத்தினே. படம் தெரியுது, பாட்டு கேக்குது, வைஃபை புடிக்குது. சும்மா இருக்க மாட்டாம டிவைஸ் மேனேஜரைத் திறந்தே. அங்க ஒரு மஞ்சள் முக்கோணம், அதுக்குள்ள ஆச்சரியக்குறி, பக்கத்துல 'அன்னோன் டிவைஸ்'. அவ்வளவுதான், தூக்கம் போச்சு. டவுன் கடைக்குத் தூக்கிட்டு ஓடினே. கடைக்காரன் உதட்டைப் பிதுக்கி, "மதர்போர்டு போயிடுச்சு, 250 வெள்ளி ஆகும்"னான். அங்கேயே நின்ன இன்னொரு புத்திசாலி, காசு கட்டினா எல்லா டிரைவரையும் தானே தேடிப் போடுற மென்பொருள் இருக்குன்னான். நீயும் பர்ஸைத் தடவிப் பார்த்திருக்கே.

அடேய், செத்துப்போன மதர்போர்டுதான் ராத்திரி ஒரு மணி வரைக்கும் உனக்குப் படம் காட்டுதா? சுவர் ஓரமா எங்க காதுக்கெல்லாம் சத்தம் கேக்குதே.

கிழவனுக்குக் கம்ப்யூட்டர் எப்படித் தெரியும்னு சிரிக்காதே. நான் ஃபேக்டரியில ஃபிட்டருக்குக் கையாளா இருந்தவன். தேயிலை ஃபேக்டரியில பழைய மெஷின் ஒவ்வொண்ணு மேலயும் ஒரு பித்தளைத் தகடு அறைஞ்சிருக்கும். செஞ்ச கம்பெனி, ஊரு, மாடல், நம்பர். டிரையர்னா அந்தக் காலத்துல 'சிரோக்கோ'ன்னு ஒரு பேரு, தேயிலை விளையுற நாடு பூராவும் தெரியும். கச்சார் பக்கம் தோட்டம் பார்த்த சாமுவேல் டேவிட்சன் ஊருக்குத் திரும்பி, 1881-ல பெல்ஃபாஸ்ட்ல பட்டறை போட்டு உண்டாக்கினது. மெஷின் மக்கர் பண்ணினா எங்க ஃபிட்டர் முதல்ல ஸ்பானரைத் தொட மாட்டார். மண்ணெண்ணெய்த் துணியால தகட்டுப் பிசுக்கைத் துடைச்சு, நம்பரைச் சிகரெட் அட்டையில எழுதி, என்னைய உரக்கப் படிக்கச் சொல்வார். ஒரு எழுத்து பிசகினா, கப்பல்ல மாசக்கணக்காக் காத்திருந்து வர்ற பேரிங் வேற எந்த மெஷினுக்கோ பொருந்தும். அப்புறம் தொரை முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும்.

உன் லேப்டாப்புலயும் தகடு இருக்குடா. துடைச்சுப் பார்க்கத்தான் உனக்குத் தோணலை. அத்தனை வருஷம் பள்ளிக்கூடத்துல பெஞ்சு தேய்ச்சவன், கண்ணு முன்னால இருக்கிற எழுத்தை வாசிக்காம கடைக்காரன் உதட்டை வாசிச்சிருக்கே.

சரி, திற. அந்த முக்கோணத்து மேல வலது கிளிக். ப்ராப்பர்ட்டீஸ். மேல டீடெய்ல்ஸ்னு இருக்கா? அதுக்குள்ள இறங்குற பட்டியல்ல 'ஹார்ட்வேர் ஐடிஸ்'. இப்போ படி, சத்தமா. "ஏசிபிஐ, சாய்கோடு, வெண் எஸ்எம்ஓ, டெவ் 8800". அதுக்குக் கீழே அதையே ஒட்டி "எஸ்எம்ஓ8800". பார்த்தியா, பேர் தெரியாத ஆசாமி பேரை ரெண்டு விதமா எழுதிக் கையெழுத்துப் போட்டு உக்காந்திருக்கான்.

எழுதும்போது கவனம். எஸ்எம்ஓ-வுல வர்றது எழுத்து ஓ. 8800-ல வர்றது சைபர். இந்த ரெண்டையும் மாத்திப் போட்டுட்டு "தேடினேன், கெடைக்கலை"ன்னு வந்து என்கிட்ட நிக்காதே.

இப்போ உன் ஐசியை, அதான் அடையாள அட்டையை, எடு. 12 இலக்கம் இருக்கா? முதல் ஆறு பொறந்த தேதி. அடுத்த ரெண்டு 06, அதாவது பகாங். மலைக்குக் கீழே தாப்பாவுல பொறந்திருந்தா பேராக், 08. சிலாங்கூர்க்காரனுக்கு 10. கடைசி இலக்கம் ஒத்தைப்படைன்னா ஆம்பளை, ரெட்டைப்படைன்னா பொம்பளை. ரோடு பிளாக்ல நிக்கிற போலீஸ்காரன் அட்டையை ஒரு பார்வை பார்த்துட்டு உன் பாதி ஜாதகத்தைச் சொல்றான்ல? அவன் என்ன மலையாள மாந்திரீகம் படிச்சவனா? எந்த இலக்கம் எதைச் சொல்லுதுன்னு தெரிஞ்சவன், அவ்வளவுதான். கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற சாமானுங்களும் இப்படி ஒரு ஐசியோடதான் பொறக்குது.

அதுல பிசிஐ வகைன்னு ஒரு பெரிய குடும்பம். அவங்களுக்கு 'வெண்'னு நாலு இலக்கம், 'டெவ்'னு நாலு இலக்கம். முதலாவது செஞ்ச கம்பெனி, ரெண்டாவது செஞ்ச சாமான். நம்ம ஒன்பதுக்கு மேல பத்துன்னு போவோம். இவங்க ஒன்பதுக்கு மேல ஏ, பி, சின்னு எஃப் வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போவாங்க. அதனால நாலே இடத்துல 65,536 நம்பர் அடங்கும். கம்பெனி நம்பரைக் கொடுக்கிறது 1992-ல ஆரம்பிச்ச பிசிஐ-சிக்னு ஒரு சங்கம். சாமான் நம்பரைக் கம்பெனியே வச்சுக்கும். என்விடியாவுக்கு 10டிஈ, ரியல்டெக்குக்கு 10ஈசி, ஏடிஐ கம்பெனிக்குக் கொடுத்த 1002 இப்போ ஏஎம்டி கையில.

இன்டெல்லுக்கு மட்டும் என்ன நம்பர் தெரியுமா? 8086. அவன் 1978-ல கொண்டுவந்த சிப்போட பேரே 8086. காரு வாங்கினதும் ராசி நம்பருக்கு ஏலம் எடுக்கிற நம்ம ஊரு பெரிய மனுசனுக்கு இருக்கிற ஆசை அவனுக்கும் இருந்திருக்கு. அந்த இன்டெல் 1972-ல பினாங்கு பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரி போட்டான், அமெரிக்காவுக்கு வெளியே அவனுக்கு அதுதான் முதல். தோட்டத்துப் பிள்ளைங்க எத்தனையோ பேரு அந்த மாதிரி ஃபேக்டரிகளை நம்பித்தான் மலையிறங்கி பஸ் ஏறினாங்க. உன் பெரியத்தையும்தான், மைக்ரோஸ்கோப்புல கண்ணை நட்டு உக்காந்தவ. வெண் 8086 யாருன்னு அவகிட்டக் கேட்டிருந்தா, வெத்தலையை மென்னுக்கிட்டே சொல்லியிருப்பா. உனக்குத்தான் அவகிட்டப் போனா அங்பாவ் தவிர வேற எதுவும் கேக்கத் தெரியாதே.

பிசிஐ வரி இன்னும் நீளமா 'சப்சிஸ்'னு போகும். அதுல கடைசி நாலு இலக்கம், அந்தச் சாமானைத் தன் மெஷினுக்குள்ள பூட்டின கம்பெனி. 1028 டெல், 103சி எச்பி, 17ஏஏ லெனோவோ. சிப்பை ஒருத்தன் பெத்தான், இன்னொருத்தன் வளர்த்தான்னு ரெண்டும் அதே வரியில இருக்கும். மேல் வரி ரொம்பக் குறிப்பா இருக்கும், கீழே போகப் போகப் பொதுவாகும். தேடுறவன் மேலேருந்து ஆரம்பிக்கணும்.

உன் ஆளு பிசிஐ இல்லை, ஏசிபிஐ. இவங்களை மதர்போர்டுல இருக்கிற பயாஸ் தன் பட்டியல்ல எழுதி வச்சு விண்டோஸ்கிட்ட நீட்டும். பெரும்பாலும் கம்பெனிக்கு மூணு எழுத்து, சாமானுக்கு நாலு இலக்கம். எல்லாருக்கும் பொதுவான சில்லறைச் சாமானுக்கு பிஎன்பின்னு போட்டுடுவாங்க. பிஎன்பி0சி0ஏன்னா பேட்டரி. பிஎன்பி0சி0டின்னா மூடி திறந்திருக்கா மூடியிருக்கான்னு பார்த்துச் சொல்றவன். பிஎன்பி0303 கீபோர்டு.

இதுல எனக்குப் புடிச்ச ஒரு சங்கதி இருக்கு. மெஷின் எழும்பும்போது பிசிஐ பக்கம் ஒவ்வொரு இடமாத் தட்டி, 'யாரது?'ன்னு கேக்குது. ஆள் இருந்தா நம்பர் வரும். காலி இடம்னா எஃப்எஃப்எஃப்எஃப்னு வரும். அந்த நம்பரை எந்தக் கம்பெனிக்கும் கொடுக்கிறதில்லை. ஆக, நிஜமாவே யாரும் இல்லாத இடத்துக்கு ஒரு பதில் இருக்கு. அங்க மஞ்சள் முக்கோணமே வராது. முக்கோணம் வந்துச்சுன்னா உள்ளே ஆள் இருக்கான், பேரும் சொல்லிட்டான்னு அர்த்தம். விண்டோஸ் தன் ஐஎன்எஃப் ஃபைல்களைப் புரட்டிப் பார்த்துச்சு, அந்தப் பேருக்கு ஒண்ணும் சிக்கலை. 'கோடு 28, டிரைவர் போடலை'ன்னு எழுதி வச்சிட்டு அடுத்த வேலைக்குப் போயிடுச்சு. அதோட அறிவு அங்க முடிஞ்சுது. பழி மட்டும் உள்ளே இருக்கிறவன் மேல, 'அன்னோன்'.

இந்த மலைக்கே அந்தப் பட்டம் இருந்துச்சுடா. 1885-ல வில்லியம் கேமரன்னு ஒரு சர்வேயர் வந்து, அருமையான மேட்டுநிலம்னு எழுதி வச்சான். ஆனா மேப்புல இடத்தை ஒழுங்காக் குறிக்காம விட்டுட்டான். அப்புறம் ரொம்ப காலம் வெள்ளைக்காரனுக்கு இது எங்கன்னு குழப்பம். 1925-ல ஜார்ஜ் மேக்ஸ்வெல் ஏறி வந்து பார்த்த பிறகுதான் ஊர் கட்டலாம்னு வேகம் வந்துச்சு. 1929-ல ரஸ்ஸல்னு ஒருத்தன் தேயிலைக்கு நிலம் வாங்கினான். இத்தனை களேபரத்துலயும் பூர்வகுடி செமாய் ஜனங்க இங்கதான் இருந்தாங்க. அவங்களுக்கு எந்த ஓடை எந்தப் பள்ளத்துல விழுதுன்னு தெரியும். யாரும் அவங்களைக் கேக்கலை. அவங்க ஓடை, அவங்க காடு, பலகையில மட்டும் கேமரன் பேரு.

அவ்வளவு தூரம் ஏன் போகணும்? இந்த மண்ணுல பொறந்து, இந்த மண்ணுல கொழுந்து எடுத்து, பொறப்புப் பத்திரம் இல்லாத ஒரே காரணத்தால கடைசிவரை குடியுரிமை கெடைக்காம சிவப்பு ஐசியோட போய்ச் சேர்ந்த கிழவிங்களை உனக்குத் தெரியாதா? அந்தக் கவுண்டர்லயும் 'ரெக்கார்டுல இல்லை'தான் சொன்னாங்க. ஆயாக் கொட்டகையில உன்னைத் தூக்கி வளர்த்தவ அதுல ஒருத்தி. சரி, விடு. காரம் ஏறுது, நம்ம எஸ்எம்ஓ கிட்டயே வருவோம்.

எஸ்எம்ஓன்னா எஸ்டி மைக்ரோ எலக்ட்ரானிக்ஸ். நம்ம ஜொகூர், மூவார்லயே அவனுக்குப் பெரிய ஃபேக்டரி இருக்கு. டெல்லும் பினாங்குல மெஷின் பூட்டுறவன்தான். 'அன்னிய ஆசாமி'ன்னு அலறினியே, அவனைச் சேர்ந்தவங்க பாதிப்பேர் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில பஸ் பிடிச்சு வந்துடுற தூரத்துலதான் இருக்காங்க.

8800 என்ன செய்றான் தெரியுமா? கீழே விழுறதைக் கண்டுபிடிக்கிறவன். சிரிக்காதே, நிஜம்தான். சும்மா இருக்கும்போது பூமி இழுக்கிற பாரத்தை உணர்ந்துக்கிட்டே இருப்பான். மேசையிலேருந்து லேப்டாப் நழுவிச்சுன்னா, அந்தரத்துல இருக்கிற நேரம் மேல கீழ, முன்ன பின்ன, வலது இடது எல்லாப் பக்கமும் அளவு பூஜ்யத்துக்கு வந்துடும். 'விழுறோம்டா'ன்னு அவன் கத்துவான். முக்கால் மீட்டர் மேசைன்னா தரையைத் தொட 0.4 வினாடிக்குள்ளதான் நேரம். அதுக்குள்ள ஹார்ட் டிஸ்க் தன் படிக்கிற முனையைத் தட்டு மேலேருந்து ஒதுக்கிக்கணும். ஏன்னா அந்தத் தட்டு நிமிஷத்துக்கு 5,400 சுத்து, சிலதுல 7,200 சுத்து சுத்துது. முனை அது மேல மயிரிழையைவிட மெல்லிசான காத்துல மிதக்குது. விழுந்த அதிர்ச்சியில ரெண்டும் முட்டிக்கிச்சுன்னா உன் படம், பாட்டு, டிப்ளோமா அசைன்மென்ட் எல்லாம் கோவிந்தா. டெல் இதுக்கு வச்ச பேரு 'ஃப்ரீ ஃபால் டேட்டா புரொட்டெக்ஷன்'. லினக்ஸ்லயும் இதுக்கு ஒரு டிரைவர் இருக்கு, அங்க அந்தச் சாதனத்துக்கு 'ஃப்ரீஃபால்'னே பேரு.

இப்போ தாத்தா ஒரு கேள்வி கேக்கிறேன். உன் லேப்டாப்புல சுத்துற ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா?

முழிக்கிறே பாரு. நீதானே போன தீபாவளிக்கு "எஸ்எஸ்டி போட்டாச்சு தாத்தா, பத்து வினாடியில எழும்புது"ன்னு பீத்திக்கிட்டே? எஸ்எஸ்டியில தட்டும் இல்லை, முனையும் இல்லை. உன் ஆசாமி விழும்போது கத்தினாலும் ஒதுங்கிக்க உள்ளே யாரும் கெடையாது. அந்த மனுசனுக்கு டிரைவர் போடலைன்னு உன் மெஷின் வருத்தப்படலை. வருத்தப்பட்டது நீ, 250 வெள்ளி கேட்டது கடைக்காரன்.

முக்கோணம் கண்ணை உறுத்துதுன்னா, லேப்டாப்பைத் திருப்பு. அடியில சர்வீஸ் டேக்னு ஏழு எழுத்து ஒட்டியிருக்கும். டெல் தன் மெஷினுக்கு டிரைவரைச் சும்மாவே வச்சிருக்கான், அந்த ஏழெழுத்தைக் கொடுத்தா எடுத்துக்கலாம். பழைய ஹார்ட் டிஸ்க் வச்சிருக்கிறவன் மட்டும் கட்டாயம் போட்டுக்கணும், அவனுக்கு இந்த ஆள் தெய்வம். நம்பர் எது யாருக்குன்னு பொதுப் பட்டியலும் இருக்கு. பிசிஐ பட்டியலை ஆரம்பிச்சவர் மார்ட்டின் மாரெஷ்னு ஒரு செக் நாட்டுக்காரர். ஊர் உலகத்துல இருக்கிறவங்க, தங்கள் மெஷின்ல பார்த்ததை எழுதி எழுதிச் சேர்த்தது. லினக்ஸ்ல 'எல்எஸ்பிசிஐ'ன்னு அடிச்சா அதிலேருந்துதான் பேர் வருது. காசு வாங்கிக்கிட்டு டிரைவர் தேடுறேன்கிறவன் உன்கிட்ட விக்கிறது, நீ படிக்கச் சோம்பல்பட்ட அந்த ஒரு வரியைத்தான்.

அதுக்காக ஐசியில எழுதினதெல்லாம் வேதம்னும் நம்பிடாதே. போலி ஐசியும் உண்டு. யுஎஸ்பி சாமானுக்கும் இதே மாதிரி ரெண்டு நம்பர், வெண்டருக்கு 'விஐடி', புராடக்டுக்கு 'பிஐடி'. ஸ்காட்லாந்து கிளாஸ்கோவுல எஃப்டிடிஐன்னு ஒரு கம்பெனி, பழைய சீரியல் வயரை யுஎஸ்பியில கோர்க்கிற சிப் செய்றவன். அவன் நம்பர் 0403, 6001. பேர் போன சிப்பாச்சே, போலி செய்றவன் அதே நம்பரைத் தன் சிப்புல பொறிச்சு மலிவா வித்தான். 2014 அக்டோபர்ல கம்பெனிக்காரன் டிரைவர்லயே ஒரு வேலை வச்சு விண்டோஸ் அப்டேட் வழியா அனுப்பினான். போலி சிப் மாட்டினா, அதோட பிஐடியை 0000-ன்னு மாத்திடும். அப்புறம் வழக்கமான டிரைவர் அதை ஏத்துக்காது. போலின்னே தெரியாம வாங்கினவன் கையில கேபிள் செத்துப் போச்சு. பெரிய கூச்சல் கெளம்பி அந்த டிரைவரைத் திரும்ப எடுக்க வேண்டியதாச்சு. திருடனைப் புடிக்கிறேன்னு திருட்டுச் சட்டையை வாங்கிப் போட்டிருந்தவன் முதுகுல அடிச்சிட்டான். எனக்கு ரெண்டு பக்கத்து மேலயும் கோவம்தான்.

இதை ஏன் சொல்றேன்னா, கொழுந்து நிறுக்கிற தராசைக் கம்ப்யூட்டரோட கோர்க்க ஒரு தோட்டத்துல கேபிள் வாங்கினாங்க. உறையில போட்டிருந்த பேரு ஒண்ணு, உள்ளே இருந்தது வேற. மாட்டிப் பார்த்தா 1ஏ86, 7523. அது சீனாக்காரன் சிஎச்340 சிப். கெட்ட சிப் இல்லை, மலிவு, அதுக்கு அதோட டிரைவர் போட்டா ஒழுங்கா ஓடும். உறையை நம்பி வேற டிரைவரைத் தேடித் தேடி இவங்க களைச்சுப் போயிட்டாங்க. தராசு பேசாத அந்த நாள்லாம் கிராணி பழையபடி கையால எழுதினார். ஈரக் கொழுந்துக்குக் கழிவு, கூடைக்குக் கழிவுன்னு அவர் கை பழைய பழக்கத்துக்குப் போயிடுச்சு. கத்தரியும் மெஷினும் புடிச்சுக் கொழுந்து வெட்டுற நேப்பாளி, வங்காளிப் பிள்ளைங்க ஒண்ணும் புரியாம நின்னுதுங்க. எங்க ஆத்தாளுங்க காலத்துலேருந்து அந்தக் கழிவுக்கு மட்டும் எந்த டிரைவரும் தேவைப்பட்டதில்லை.

சரி, தே ஆறிப்போச்சு, குடிச்சிட்டுக் கெளம்பு. மூணாவது கதவு நேப்பாளித் தம்பியோட எச்பி லேப்டாப்புல 'ஏசிபிஐ, எச்பிகியூ6001'னு வருதாம், அவனும் நீ போன கடைக்கே தானா ராத்தா பஸ்ஸுக்கு நிக்கிறான். முதல் மூணு எழுத்தைப் பார்த்தாலே எந்தக் கம்பெனின்னு உனக்கு இப்போ தெரியணும். மீதி நாலு, வைஃபையை அணைக்கிற பொத்தான். ஓடு, பஸ் வர்றதுக்குள்ள புடி. அவன்கிட்டக் கடைக்காரன் 300 வெள்ளி கேப்பான்.